பள்ளிக்கும் தொழிலுக்கும் இடையே பெற்றோர் கடமை

பூந்தமல்லி வட்டாரத்திலுள்ள குத்தம்பாக்கத்தைச் சுற்றித் தொழில் நிலையங்களுக்குக் குறைவில்லை. திருமழிசையிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. திருப்பெரும்புதூரில் பெரிய தொழிற்சாலைகள் உள்ளன. ஆயினும் ஆலை அருகில் இருப்பதாலேயே நம் பிள்ளைகளுக்கு நல்ல வேலை அமைந்துவிடுவதில்லை. பள்ளியை விட்ட பின் வரும் ஓரிரு ஆண்டுகளில் பெற்றோர் அளிக்கும் துணையையே அது பெரிதும் பொறுத்துள்ளது.

இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் மறுவாரமே ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குச் செல்கிறான். வீட்டிற்கு உடனே பணம் வருகிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால், கையில் தொழில் ஏதுமின்றி அவன் மீண்டும் வேலை தேட வேண்டும். மற்றதில், பெற்றோர் ஈராண்டு பொறுத்து மகனைப் பிட்டர் பயிற்சிக்கு அனுப்புகின்றனர். பின்னர் அவன் ஆலை மாறினாலும் கற்ற தொழில் அவனை விட்டு நீங்காது.

இப்பொறுமை ஏழைக் குடும்பத்திற்கு எளிதன்று. அச்சுமையைக் குறைக்கவே, 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் ஏற்பட்டன. பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. மேலும், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் உதவித்தொகையுடன் பழகுநர்களைச் சேர்க்கக் கடமைப்பட்டவை.

பெற்றோர் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. பிள்ளையின் விருப்பத்தை முதலில் கேட்டறிக.
2. சாதிச் சான்று, மாற்றுச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்னரே ஆயத்தம் செய்க.
3. வேலையில் சேர்க்குமுன் பணியாணை, வருங்கால வைப்புநிதி, பணிநேரம் ஆகியவற்றை நேரில் விசாரிக்க. 18 வயது நிரம்பாதவரை அபாயகரமான தொழிலில் ஈடுபடுத்துவது குற்றம்.
4. தூரத்தைக் காரணம் காட்டி மகளை வீட்டில் நிறுத்தாதீர். பேருந்து வசதியையும் வேலை முடியும் நேரத்தையும் அறிந்து வழி காணுக.
5. பயிலும் காலத்தில் “சும்மா இருக்கிறான்” என்று பழிக்காதீர். அச்சொல்லே பலரைப் பாதியில் கூலிக்கு விரட்டுகிறது.

ஊராட்சிப் பணியிலுள்ளோருக்கும் இதில் பங்குண்டு. மே 1ஆம் நாள் கிராம சபை, தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவத்தில் கூடுகிறது. அவ்வாண்டு பள்ளி முடித்த ஒவ்வொருவரின் பெயரையும் அதற்குள் தெருவாரியாக எழுதி, அவர்தம் பெற்றோரைச் சபைக்கு அழையுங்கள். அடுத்த கிராம சபையில் அதே பட்டியலை எடுத்து, யார் எங்குச் சேர்ந்தனர், யார் வீட்டில் நின்றுவிட்டனர் என்று பாருங்கள். நின்றுவிட்டவர் வீட்டிற்கு ஓர் உறுப்பினர் நேரில் செல்வாராயின், தக்க தருணத்தில் ஓர் இளைஞரைக் காத்தவராவார்.