தகடூர் நாட்டு நடுகற்களில் வாள்மரபு: ஆசான் வழியும் குடிவழியும்

தருமபுரி மாவட்டமும் 2004ஆம் ஆண்டு அதிலிருந்து பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டமும் நடுகற்கள் செறிந்த நிலப்பகுதியாகும். அதியமான்களின் தகடூர் இங்கிருந்தது. அதியமான் காலம் முதல் இன்றைய சிலம்பக்கூடம் வரை ஆசான்–மாணாக்கர் வரிசை அறுபடாது தொடர்ந்தது எனக் கொள்ளும் போக்கு உண்டு. அத்தகைய வரிசையை நிறுவ எவ்வகைச் சான்று வேண்டும் என்பதை முதலில் வரையறுத்தல் தகும்.

இதற்கு ஜப்பானிய வாட்பள்ளிகள் நல்ல ஒப்பீடு தருகின்றன. 15ஆம் நூற்றாண்டில் இயிசாசா இயெனாவோ தோற்றுவித்த கதோரி சிந்தோ பள்ளி, தலைமைப் பொறுப்பாளர் வரிசையைத் தலைமுறை எண்ணிட்டுப் பேணுகிறது. சின்காகே பள்ளியில் காமியிசுமி நொபுத்சுனா, 1565இல் தம் மாணாக்கர் யாக்யூ முனேயோசிக்குக் கலையை ஒப்படைத்துச் சான்றுச்சுருள் வழங்கினார். கொடுத்தவர், பெற்றவர், ஆண்டு ஆகிய மூன்றும் எழுத்தில் உள்ளன. அங்கும் கலை பின்னர்க் குடிவழிக்குள் புகுந்தது. முனேயோசியின் மகன் முனேநோரி 1632இல் இயற்றிய நூலின் பெயரே ‘குடும்பவழி வந்த நூல்’ எனப் பொருள்படும்.

நடுகற்கள் தரும் செய்தி வேறு. அரசனின் ஆட்சியாண்டு, தலைவன், வீரனின் பெயர், தொறு மீட்டோ ஊர் காத்தோ அவன் பட்ட சூழல் ஆகியன பொறிக்கப்பெறும். தருமபுரியை அடுத்த செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூர்க் கல் இதற்குத் தெளிவான சான்று. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி தன் எருமைகளைக் காத்துப் பட்டதைக் கூறுகிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயர் கோவிவன் என்பதும் அதனால் தெரிகிறது. நாய்க்குப் பெயர் உண்டு. வாள் பயிற்றியவனுக்கு இல்லை.

இவ்வின்மையை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது. நடுகல் சாவைப் பதிவது, கல்வியைப் பதிவதன்று. எனினும் இலக்கியத்தையும் உடன்வைத்து நோக்கினால் இன்மை பொருள் பெறுகிறது. தகடூர்ப் போரோடு தொடர்புபடுத்தப்பெறும் பொன்முடியார், புறநானூற்று 312ஆம் பாடலில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகிய ஐவரின் கடமைகளைப் பிரித்துரைக்கிறார். வேலை வடித்துத் தருபவன் கொல்லன். வாளேந்திக் களிறு எறிந்து மீள்பவன் இளைஞன். ஆசானுக்கென ஓர் இடம் அதில் இல்லை. தந்தையின் கடனாகச் சுட்டப்பெறும் ‘சான்றோன்’ ஆக்குதலை வீரனாக்குதல் என்று உரைகொள்வோர் கருத்து இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அவ்வாறு கொண்டால், பயிற்றுதல் தனிப்பள்ளியின் தொழிலன்று, தந்தையின் கடமை என்றாகும். ஔவையார் அதியமானின் படைக்கலங்களைப் பாடிய 95ஆம் பாடலிலும் நுனி சிதைந்த கருவிகள் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றனவேயன்றிப் பயிற்றுக்களம் காட்டப்பெறவில்லை.

ஆகவே இந்நிலப்பகுதியில் வாள்மரபைத் தேடுவோர் ஆசான் பெயரைத் தேடுவதைவிட, கல்வெட்டுகளில் வரும் மகன், இளமகன், சேவகன் என்னும் உறவுச்சொற்களைத் தொகுத்து ஆராய்வது பயன் தரும். ஒரே குடியில் அடுத்தடுத்த தலைமுறையினர் பட்ட கற்கள் கிடைப்பின் அவையே சுருளுக்கு நிகரான சான்றாகும்.

சிற்பங்களைப் பயன்கொள்வதில் விழிப்பு வேண்டும். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள் என்னும் வடிவம் பல கற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அது போர்ப்பயிற்சியின் நிலையா, கல்தச்சரின் வழக்கமா என்பதை வடிவு மாறும் கற்களோடு ஒப்பிட்டே துணிய வேண்டும். வாளும் வில்லும் ஒருவனிடமே காணப்படுவதாலும், உடலில் அம்பு தைத்தவராகப் பலர் காட்டப்படுவதாலும், வாள் இங்குத் தனிக்கலையாக நின்றது எனக் கொள்வதற்கில்லை. கதோரிப் பள்ளியிலும் வாளோடு ஈட்டியும் கோலும் உடன் பயிற்றப்படுகின்றன.