நம்பர் மாறவில்லை, அம்மாவின் போன்தான் பேசவில்லை

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் நம்பரையும் அம்மா நம்பரையும் வேறு கம்பெனிக்கு மாற்றினேன். "எந்த போன்லயும் எடுக்கும்" என்றார் கடைக்காரர். அம்மாவின் பழைய பட்டன் போனில் சிக்னலே வரவில்லை. பழைய கம்பெனியில் இருந்த 212 ரூபாய் பேலன்ஸும், வருஷக்கணக்கில் சேர்ந்த பாயிண்ட்டும் போய்விட்டன. திரும்பப் போகலாம் என்றால் 90 நாள் ஆகட்டும் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
(வாசகர், கவரைப்பேட்டை)

பதில்: போடலாம். ஆனால் பேலன்ஸுக்காகவும் பாயிண்ட்டுக்காகவும் அல்ல, அம்மாவின் போனுக்காக.

90 நாள் என்பது கடைக்காரர் கட்டிவிட்ட கதை இல்லை. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. ஒரு முறை மாறினால் 90 நாள் கழித்தே மறுபடி மாறலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. இதில் வாதாட ஒன்றும் இல்லை. பேலன்ஸும் அப்படித்தான். மாறும்போது மிச்சப் பணம் காலாவதியாகும் என்ற வரி, நீங்கள் ஒப்புக்கொண்ட படிவத்திலேயே இருக்கும். யார்தான் அதைப் படிக்கிறோம்!

பாயிண்ட் கம்பெனியின் சலுகை. இணைப்பு போனால் அதுவும் போகும் என்றுதான் பெரும்பாலும் நிபந்தனை வைத்திருப்பார்கள். நீங்கள் மாறுவதற்கு முன்பே பாயிண்ட்டைப் பயன்படுத்தக் கேட்டு, அவர்கள் தராமல் இழுத்தடித்திருந்தால் கதை வேறு. தருவதாகச் சொன்ன பரிசைத் தரும் எண்ணமே இல்லாமல் அறிவிப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அம்மாவின் போனுக்கு வருவோம். அது 2ஜி போனாக இருக்க வேண்டும். 4ஜி, 5ஜி மட்டும் ஓடும் நெட்வொர்க்கில் 2ஜி போனுக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே கிடையாது. சிம்மை எத்தனை முறை கழற்றிப் போட்டாலும் வராது. 4ஜி போனாகவே இருந்தாலும் வோல்ட்இ வசதி இல்லாவிட்டால் அந்த நெட்வொர்க்கில் சாதாரணமாகக் கால் பேச முடியாது. இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் கடைக்காரர், உங்கள் அம்மா அல்ல. பொருந்தாததைப் பொருந்தும் என்று சொல்லி விற்றதுதான் உங்கள் வழக்கு.

சிக்கல், அது வாய்ச்சொல். ஆகவே இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "அண்ணே, அம்மா பட்டன் போன்லயும் எடுக்கும்னு சொன்னீங்களே, ஒரு மாசமா சிக்னலே இல்லை." கோபம் வேண்டாம். "அது பழைய போன் தம்பி, அதான்" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவுக்கு உடனே ஒரு 4ஜி பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால் காட்ட அதுதான் கணக்கு.

அடுத்து, புதுக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து எண்ணை வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போன் வழக்கெல்லாம் அங்கே எடுக்க மாட்டார்கள் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. கம்பெனி தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை (இதை ஒரு வக்கீலே சொல்கிறேன்). இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

90 நாள் முடிந்து உங்கள் நம்பரைத் திரும்ப மாற்றுவதானால், முதலில் பாயிண்ட்டையும் பேலன்ஸையும் செலவழித்துவிடுங்கள். உடன் வேலை செய்பவரிடம் நீங்கள் மாறப்போகும் கம்பெனியின் சிம்மைப் பத்து நிமிஷம் கடன் வாங்கி, உங்கள் போனில் போட்டு, தகரக் கூரை ஷெட்டுக்குள் ஒரு முறை, வீட்டுக்குள் ஒரு முறை பேசிப் பாருங்கள். கேட்டால் மட்டும் 1900-க்கு எஸ்எம்எஸ். பதிலாக வரும் எழுத்தும் எண்ணும் கலந்த 8 குறிகள் கொண்ட கோடு நம் பகுதியில் 4 நாள்தான் செல்லும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அனுப்பாதீர்கள்.