திருப்ப முடியாத கணக்கு

போன முறை சுவர் இதழில் மூன்று பேர் ராமானுஜன் பற்றியே எழுதிவிட்டார்கள். அதனால் நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிபாட். கேரளாவில் முதலமைச்சராக இருந்தாரே இ.எம்.எஸ்., அவர் வேறு, இவர் வேறு. இவர் கணக்கு ஆராய்ச்சி செய்தவர்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 5-ஐக் கூட்டினால், 5-ஐக் கழித்துப் பழைய எண்ணுக்கே வந்துவிடலாம். இப்படி எதைச் செய்தாலும் திருப்பிவிட முடிகிற கூட்டத்துக்குக் கணக்கில் குலம் என்று பெயர். (சித்தியின் பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்குக் குலதெய்வம்தான் ஞாபகம் வந்தது!) ஆனால் 0-ஆல் பெருக்கிவிட்டால்? 7-ஐப் பெருக்கினாலும் 0, 70-ஐப் பெருக்கினாலும் 0. பழைய எண் போனது போனதுதான்.

இந்த மாதிரி திருப்ப முடியாததும் இருக்கலாம் என்று விட்டுவிட்டு, சேர்ப்புப் பண்பு மட்டும் இருந்தால் போதும் என்றால் அது அரைக்குலம். சேர்ப்புப் பண்பு என்றால் அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறக்கூடாது. கழித்தலுக்கு அது கிடையாது. 10-(5-2) என்பது 7. (10-5)-2 என்பது 3. இதில் நான் பரீட்சையில் இரண்டு மார்க் விட்டிருக்கிறேன், அதனால் மறக்கவே மறக்காது.

"திருப்ப முடியாததைப் போய் எதுக்கு டீச்சர் படிக்கணும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "ஐப்பசி மழையில என்ன நடந்துச்சு, யோசிச்சுப் பாரு" என்றார்.

மழையில் 2-ஆம் அறை ஒழுகியது. அந்த அறைப் பிள்ளைகள் எல்லாம் 1-ஆம் அறைக்குப் போகணும் என்று சொன்னார்கள். நானும் 2-ஆம் அறைக்காரிதான். 1-ஆம் அறையும் 3-ஆம் அறையும் அப்படியே இருந்தன. இந்த உத்தரவுக்கு 'அ' என்று பெயர் வைப்போம். இப்போது 1-ஆம் அறையில் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருக்கிறோம். யார் எந்த அறையிலிருந்து வந்தவர் என்று, உத்தரவை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிரிக்க முடியாது.

ஆனால் 'க' என்று இன்னொரு உத்தரவு போடலாம். 1-ஆம் அறையில் இருப்பவர்கள் எல்லாம் 2-க்குப் போங்கள், மற்றவர்கள் இருக்கிற இடத்திலேயே இருங்கள். இப்போது முதலில் அ, பிறகு க, மறுபடி அ செய்து பாருங்கள். முதல் தடவை அ முடிந்ததும் எங்கே இருந்தோமோ அங்கேயே வந்து நிற்போம்! முழுசாகத் திருப்பவில்லை, ஆனால் கைவிட்டும் போகவில்லை. எல்லா உறுப்புக்கும் இப்படி ஒரு 'க' கிடைத்தால் அது ஒழுங்கு அரைக்குலம். இந்த யோசனையை 1936-ல் ஜான் வான் நியூமன் வளையங்கள் என்ற பாடத்தில் கொண்டுவந்தார். பிறகு அரைக்குலத்துக்கும் வந்தது.

நம்பூதிரிபாட் ஆராய்ந்தது இதைத்தான். அவர் 1935-ல் கொச்சிக்குப் பக்கத்தில் பிறந்தார். 1976 முதல் கேரளப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் வேலை பார்த்து, 1983-ல் துறைத் தலைவராகி, 1995-ல் ஓய்வு பெற்றார். இரண்டு தடவை செய்தாலும் ஒரு தடவை செய்தது போலவே இருக்கும் உறுப்புகளை (நம்ம 'அ' அப்படிப்பட்டதுதான், செய்து பாருங்கள்) அவர் தனியாக எடுத்துக்கொண்டார். அவற்றுக்குள் இரண்டு விதமான வரிசை ஒளிந்திருப்பதைக் காட்டி, அதற்கு விதிகள் எழுதினார். அந்த விதிகளிலிருந்து ஒழுங்கு அரைக்குலங்களைக் கட்டியும் காட்டினார். வீட்டின் தூண்களை மட்டும் பார்த்தே வீடு எப்படி இருக்கும் என்று சொல்வது மாதிரி. இது 1979-ல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. எல்லா அரைக்குலத்துக்கும் அந்த விதிகள் சரியாகப் பொருந்துகின்றன என்று 1985-ல் டேவிட் ஈஸ்டவுன் நிரூபித்தார். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து எழுதியதை எங்கேயோ இருக்கிற ஒருவர் முடித்து வைத்திருக்கிறார்!

இன்னொன்றும் சொல்லணும். கணக்குக் குறிகளை அழகாக அச்சடிப்பது கஷ்டம். (இந்தத் தாளில் அடைப்புக்குறி போடவே எனக்கு இரண்டு ஸ்கெட்ச் பேனா தீர்ந்தது.) அதற்காக டொனால்ட் நூத் 'டெக்' என்ற மென்பொருளைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். அதை நம் நாட்டில் பரப்ப 1998-ல் தொடங்கிய குழுவில் முன்னால் நின்றவர் நம்பூதிரிபாட். யாரும் சுதந்திரமாகப் பயன்படுத்தவும், மாற்றவும், பகிரவும் முடிகிற மென்பொருள் வேண்டும் என்று பாடுபட்டார். 2020 ஜனவரியில் காலமானார்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 1-ஆம் அறை 2-க்கும், 2-ஆம் அறை 3-க்கும் போகணும், 3 அப்படியே இருக்கும். இதற்கு ஒரு 'க' கண்டுபிடியுங்கள். இதை இரண்டு தடவை செய்தால் ஒரு தடவை செய்தது மாதிரியே இருக்குமா? விடையைத் தாளில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு டீச்சரிடம் கொடுங்கள். என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேன்.