பெட்டியில் எழுதாத பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

வீடுகளுக்கு வைஃபை அமைத்துத் தரும் தொழிலில் இறங்கியிருக்கிறாய். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட கம்பெனிப் பெயரையும் வேகத்தையும் பார்த்து அடாப்டர் வாங்காதே. உள்ளே என்ன சிப்செட், அதற்கு யார் டிரைவர் தருகிறார்கள் என்று முதலில் பார். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரையே எடுத்துக்கொள். முதல் பதிப்பில் இருந்தது ஏத்தெரோஸ் ஏஆர்9271 சிப். அதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே உண்டு. இரண்டாம் பதிப்பிலோ மாடல் எண் அதே, சிப் மட்டும் ரியல்டெக்காக மாறிவிட்டது. பழைய டிரைவர் அதைத் தொடாது. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணை விட்டால் கடையில் வேறு அடையாளம் இல்லை. செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்: யுஎஸ்பி அடையாள எண் 0சிஎஃப்3:9271 என்றால் முதலாவது, 2357:010சி என்றால் இரண்டாவது. விண்டோஸில் இதே எண் டிவைஸ் மேனேஜரில் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத் தேடு, மாடல் பெயரை வைத்துத் தேடாதே.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் விண்டோஸ்தானே வைத்திருக்கிறார்கள், அது தானாகவே டிரைவரை இறக்கிக்கொள்ளுமே என்பாய். இறக்குவதற்கு இணையம் வேண்டும். அந்த இணையத்தைக் கொண்டுவர வேண்டியதே இந்த அடாப்டர்தான். பெட்டியோடு வரும் சிடியைப் போட இன்றைய லேப்டாப்பில் இடமும் இல்லை. ஆகவே டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துப் போ, அல்லது போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து இறக்கு.

லினக்ஸில் வெளி டிரைவர் போட்டாலும் கர்னல் மாறும்போது டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் திரும்பக் கம்பைல் செய்துவிடுமே என்பது வலுவான வாதம். ஆனால் டிகேஎம்எஸ் கம்பைல் மட்டும்தான் செய்யும், மூலநிரலைத் திருத்தாது. கர்னலின் உள் அமைப்பு மாறியிருந்தால் கம்பைல் தோற்கும். அன்று காலை அந்த வீட்டில் பள்ளிப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு நிற்கும். கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவருக்கு இந்தத் தொல்லை அரிது, ஏனென்றால் உள் அமைப்பை மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் டிரைவர்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பது அங்கே நடைமுறை. மீடியாடெக் எம்டி7612யு சிப்புக்கான டிரைவர் 2018-இல் வந்த 4.19 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. விலை கொஞ்சம் கூடினாலும் அப்படிப்பட்டதையே சொல். மலிவானதை வாங்கினால் மிச்சமாகும் பணம் உன்னை இரண்டாம் முறை கூப்பிடும்போதே போய்விடும்.

வேலை முடிந்ததும் அடையாள எண், டிரைவர் பெயர், பதிப்பு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டிவிட்டு வா. அடுத்து வருகிறவர் நீயாக இருக்கவேண்டும் என்பதில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்