தோட்டத்தில் பன்றி இறங்கினால்

மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவத்தில் தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, காரமடைப் பக்கம் போனால் பேச்சு பன்றியில்தான் தொடங்கும். "ஒரு துப்பாக்கி மட்டும் குடுத்தாப் போதுங்க" என்பார்கள். நியூசிலாந்தில் அப்படித்தான் நடக்கிறது. அங்கே மான், ஆடு, பன்றி மூன்றும் கப்பலில் வந்து இறங்கியவை. அரசே அனுமதிச் சீட்டுக் கொடுத்துப் பொது நிலத்தில் சுட விடுகிறது. ஆனால் நம் புள்ளிமானும் வரையாடும் காட்டுப்பன்றியும் இந்த மண்ணுக்கே உரியவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் சேர்ந்து, உரிமம் வாங்கி வேட்டையாடும் வழக்கத்தையே முடித்துவிட்டன. அதற்காக விவசாயி கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

முதல் வேலை, வந்தது யார் என்று பார்ப்பது. விடிந்ததும், ஆட்கள் மிதிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். பன்றி, தட்டையைச் சாய்த்துப் போட்டுக் கதிரைக் கடித்துச் சப்பியிருக்கும். வரப்பை மூக்கால் உழுதிருக்கும். ஈரமண்ணில் அதன் தடத்தைக் கவனித்தால், இரண்டு குளம்புக்குப் பின்னால் சற்று வெளியே தள்ளி இரண்டு சிறு குழிகள் தெரியும். புள்ளிமானின் தடம் கூர்நுனியோடு இருக்கும், கெட்டித் தரையில் அந்தப் பின்குழிகள் விழாது. மானுக்கு மேல் முன்பல் இல்லை, அதனால் அது மேய்ந்த குருத்து பிய்த்தெடுத்தாற்போலக் கிழிந்திருக்கும். ஐயம் இருந்தால் வாய்க்கால் ஓரத்துத் தென்னைமரத்தைப் பாருங்கள். சேற்றில் புரண்டு வந்த பன்றி முழங்கால் உயரத்தில் உரசிய பூச்சும், அதில் ஒட்டிய முரட்டு மயிரும் இருக்கும். இவை எல்லாவற்றையும் செல்போனில் தேதியோடு படம் எடுங்கள்.

அடுத்து, உங்கள் தோட்டம் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறை முழுக்க இந்தத் தூரத்தில்தான் நிற்கிறது. காட்டெல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடுவது. சுடுவதும் வனத்துறை ஆட்களே. நீங்களோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் உறவினரோ இல்லை. ஆக, மலையடிவாரத்து நரசீபுரத்துக்காரருக்கும் சூலூர், அன்னூர்ப் பக்கத்துக்காரருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இராது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டு, வனவரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு, பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கேட்கும் மனு. கிராம அளவில் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி, வனத்துறை மூன்று தரப்பும் சேர்ந்துதான் இதைப் பார்க்கிறார்கள். தனியாக ஒருவர் கொடுப்பதைவிடப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் சேர்த்துக் கொடுத்தால் கவனம் கிடைக்கும். இழப்பீட்டு விண்ணப்பம் தனி. அதற்குச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், படங்கள் வேண்டும். அலுவலர் வந்து பார்க்கும்வரை சேதமான இடத்தை உழுதுவிடாதீர்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த ஒரு காகிதத்தில்தான்.

மனு நகரும்வரை தோட்டத்தைக் காப்பது வேலி. சோலார் வேலி போடுகிறவர்கள் யானையை நினைத்துக் கம்பியை உயரமாகக் கட்டிவிடுகிறார்கள். பன்றி அடியில் புகுந்து போய்விடும். கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் இருக்க வேண்டும். மயிரும் தடித்தோலும் அதிர்ச்சியைத் தாங்கும், ஈரமூக்கு தாங்காது. எர்த் கம்பியைக் காய்ந்த மண்ணில் அடித்தால் வேலி வெறும் கயிறு. கம்பியைத் தொடும் புல்லை வாரம் ஒருமுறை சீவிவிட வேண்டும். போடுவதற்கு முன், 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்யுங்கள். ஓடையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தையும் ஊர் கூடி வெட்டுங்கள், பகலில் பன்றி படுத்திருப்பது அதற்குள்தான்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே தோட்டத்து மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டு அநாதையாயின. இரவில் தண்ணீர் திருப்பப் போகிற மனிதனும் அதே கம்பியில்தான் மாட்டுவான். அவுட்டுக்காயும் அப்படியே. பன்றிக்கென்று பழத்துக்குள் வைத்த வெடியை யானைக்குட்டியோ பக்கத்துத் தோட்டத்து மாடோ கடித்தால் தாடை சிதறும். அதன்பின் தீனி எடுக்க முடியாமல் பட்டினியில் சாகும்.

கடைசியாக ஒன்று. வேலியோரம் செத்துக் கிடந்தாலும், வனத்துறை சுட்டதானாலும், பன்றி அரசின் சொத்து. கறியைப் பங்கு போட்டால் வழக்கு வரும். ஏற்றிப்போன வண்டியும் போகும். தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த அலுவலகத்து எண்ணை இன்றைக்கே வாங்கி மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.