உப்பு பூத்த சுவருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வேளச்சேரியில் ஓர் அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதும் படுக்கையறையின் கிழக்குச் சுவர் ஓதம் பிடித்து, வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. "துணியை உள்ளே காயப்போடுறீங்க, அதான். காலி பண்ணும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்" என்கிறார் வீட்டுக்காரர். சின்னவனுக்கு வீசிங் வேறு. என்ன செய்வது?

பதில்: முதலில் பையனின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள் அம்மா. பூஞ்சை ஆஸ்துமாவைத் தூண்டும். மருத்துவரிடமும் வீட்டின் நிலையைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார். உப்பு பூப்பது துணி காயப்போடுவதால் வருவதில்லை. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பை, சுவருக்குள் ஊறிய நீர் கரைத்துக்கொண்டு வந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிறது. அதனால் நீர் சுவருக்குள் இருக்கிறது என்பது நிச்சயம். வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்குச் சுவரில்தான் அறையும். வெளிப்பூச்சில் விரிசல், ஜன்னல் சட்டத்தின் ஓரம், சன்ஷேடு சுவரோடு சேரும் இடம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மழையில்லாத நாளிலும் ஈரம் குறையவில்லை என்றால் குழாய்க் கசிவாக இருக்கலாம். மேல் வீட்டுக் குளியலறையும் சந்தேகத்துக்குரியதே.

பீரோவுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் வேறு கதையாக இருக்கலாம். காற்றோட்டமில்லாத இடத்தில் அறையின் ஈரப்பதமே பூஞ்சைக்குப் போதும். இதில் உங்கள் பங்கும் உண்டு. பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். மழை நாளில் துணியை அந்த அறையில் காயப்போடாதீர்கள். வெளியே காற்றே ஈரமாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதாலும் பயனில்லை. ஏசி இருந்தால் 'டிரை' நிலையில் ஓடவிடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது.

எது எங்கே என்று உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஓரடித் துண்டு எடுத்து, பூச்சு உதிராத இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால், அது அறைக் காற்றின் ஈரம். பிரிக்கும்போது வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

பூஞ்சையை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், வித்துகள் அறையெங்கும் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும், உங்கள் வீட்டிலோ வீசிங் உள்ள பிள்ளை இருக்கிறான்.

உதிரும் பூச்சுக்குத் துடைப்பது உதவாது. கசிவை வெளியே அடைத்து, கெட்டுப்போன பூச்சைக் கொத்தியெடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபூச்சு. ஈரச் சுவரில் பட்டி பார்த்து வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் பொரியும். வீட்டுக்காரர் அவசரமாகப் பெயின்டரை அனுப்பினால் நீங்களே தடுத்து நிறுத்துங்கள்.

இனி செலவு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. வாடகைதாரரால் வந்த சேதம் மட்டும் விலக்கு. அதனால்தான் துணியைப் பற்றிய பேச்சு வருகிறது. உங்களுக்கு அந்த வீடியோ தேவைப்படுவதும் அதனால்தான். பழுதை எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னாலும் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதமும் போகட்டும். அவர் மறுத்தால் நீங்களே பழுதுபார்த்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. வெளிச்சுவர் வேலைக்குக் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதமும் தேவைப்படும் என்பதால், கடிதத்தின் நகலை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸைப் பிடிப்பேன் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தால், வாடகை அதிகார அமைப்பிடம் போவதற்கு முன் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.