இடுப்பு வலியோடு நட்டஈட்டு விசாரணைக்குப் போகிறவர்களுக்கு



கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் போனால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மலையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டவர்களின் கதை அப்படி அல்ல. வீக்கம் வற்றிவிடும். எக்ஸ்ரேயிலும் எலும்பு ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு வருடம் போன பிறகும் கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாது. இப்படிப்பட்டவர்கள் விசாரணைக் கடிதம் வந்ததும் பயந்துபோய் எங்களிடம் வருகிறார்கள். "அய்யா, அங்க போயி என்னாத்த காட்டுறது? வெளிய ஒன்னும் தெரியலியே" என்று கேட்கிறார்கள். இந்த மாதப் பாடத்தை அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வேலையில் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்வது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் சேர்த்தது. கை, கால், கண், விரல் போனால் எத்தனை வீதம் என்று சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. இடுப்பு வலி அந்த அட்டவணையில் இல்லை. அதற்காக ஒன்றும் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, அந்தக் காயத்தால் ஆளின் உழைக்கும் சக்தி நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் வீதம் போடுகிறார்கள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். "ரொம்ப வலிக்குதுங்க" என்று நூறு தரம் சொன்னாலும் அதை நிறுக்கத் தராசு கிடையாது. முன்பு என்ன வேலை செய்தீர்கள், இப்போது அதில் எது முடியவில்லை என்று சொன்னால் எழுதிக் கொள்வார்கள்.

அதற்குத் தோட்டத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. அதுதான் செக்ரோல். விழுவதற்கு முந்திய ஆறு மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது, நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து, விழுந்த பிறகு எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். சம்பளத் துண்டுகளை அடுப்புப் பற்ற வைக்க எடுக்காதீர்கள்! எல்லாவற்றையும் மாத ஒழுங்கில் அடுக்கி ஒரு பையில் போடுங்கள். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த துண்டு, ஆஸ்பத்திரி கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எல்லாம் அதே பையில் இருக்கட்டும். விழுந்த அன்றே கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொன்னீர்களா, பக்கத்து நிரையில் யார் நின்றார்கள் என்பதையும் ஞாபகமாக எழுதி வையுங்கள்.

இனி கொப்பி விஷயம். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதட்டும். ஒரு நாளைக்கு மூன்று, நாலு வரிதான். திகதி, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எத்தனை குளிசை போட்டீர்கள், பீலியிலிருந்து தண்ணீர் தூக்கியது யார். உதாரணமாக, "காலையில் பிரட்டுக்குப் போனேன். பத்து மணிக்குப் பிறகு குனிய முடியவில்லை. பகல் கொழுந்தை வீட்டுக்காரர் மடுவத்துக்குத் தூக்கிப் போனார். இரவு இரண்டு குளிசை" என்று எழுதலாம். வலி இல்லாத நாளையும் எழுதத்தான் வேண்டும். "இன்று நல்லது, துணி துவைத்தேன்" என்று ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளையும் நம்புவார்கள். ஒரே நாளில் ஒரே பேனையால் மூன்று மாதத்தையும் எழுதி நிரப்பினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வைத்தியரிடம் போகும்போது எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதிலும் பெண்களுக்கு அதிகம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவால்லைங்க தொர" என்று சொல்லிவிட்டு வருவார்கள். பெரியவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் அந்தப் "பரவாயில்லை" அப்படியே கார்டில் ஏறி, ஆறு மாதம் கழித்து விசாரணை மேசையில் வந்து நிற்கும். அதனால் முழு விபரம் சொல்லுங்கள். "பாரம் தூக்க முடியுமா?" என்று கேட்டால் வெறும் "முடியும்", "முடியாது" வேண்டாம். "பத்துக் கிலோ தூக்கலாம், ஆனா கொஞ்ச தூரந்தான். அடுத்த நாள் காலையில பாயில இருந்து எழும்ப முடியாது" என்று சொல்லுங்கள். எத்தனை நிமிடம் நிற்கலாம், எத்தனை நிமிடம் உட்காரலாம், மலை ஏறுவது கஷ்டமா இறங்குவது கஷ்டமா என்றும் யோசித்து வையுங்கள். எங்கள் அனுபவத்தில் இடுப்பு வலிக்காரர் பலருக்கு இறக்கம்தான் பொல்லாதது.

கூட்டிச் சொல்வதும் கெடுதல். "ஒரு கோப்பை கூடத் தூக்க மாட்டேன்" என்று சொன்னவருக்குப் போன மாதம் 18 பேர் விழுந்திருந்தால், பிறகு அவர் சொல்லும் உண்மையையும் யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த 18 நாளை எப்படி வேலை செய்தீர்கள் என்று சொல்வதுதான் புத்தி. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், அதனால் போனோம். மேட்டு மலையை விட்டுவிட்டு இலேசான வேலை கேட்டோம். பாரத்தை இன்னொருவர் தூக்கினார். இது செக்ரோலில் இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். தூக்கி உதவியவரையும் சாட்சிக்குக் கூட்டிப் போகலாம்.

விசாரணை நாளன்று வழக்கமான குளிசையைப் போட்டுக்கொண்டே போங்கள். வலி தெரியட்டும் என்று மருந்தை நிறுத்துவது வீண் வேதனை. மருந்து போட்டிருக்கிறேன் என்று சொன்னால் சரி. தூர இடமானால் பஸ்ஸில் பல மணி நேரம் உட்கார்ந்த பிறகு பேசவே பிடிக்காது, ஆகவே முடிந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். உட்கார முடியாவிட்டால் "அய்யா, கொஞ்சம் எழும்பி நிக்கட்டுமா?" என்று கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. சிங்களம் தெரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சி மொழி. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கடிதம் வந்தவுடனேயே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இன்னும் கடிதமே போடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "சுகமாகிவிடும், பார்ப்போம்" என்று இருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும். கொஞ்சக் காசைக் கையில் வைத்து, இனி ஒன்றும் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் அப்படிப்பட்ட தாள் சட்டப்படி செல்லாது, ஆனால் அதைச் செல்லாததாக்க நீங்கள் வீணாக அலைய வேண்டி வரும். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். சங்கத் தலைவரையும் துணைக்குக் கூப்பிடுங்கள்.

ஒரு விபத்தும் இல்லாமல், முப்பது வருடம் கூடை சுமந்தே தேய்ந்துபோன இடுப்புக்கு இந்தச் சட்டத்தில் வழி காண்பது கஷ்டம். அது அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாதவர்கள் என்று வைத்தியர் அத்தாட்சி கொடுத்தால், 55 வயதோ (பெண்களுக்கு 50) வரும் முன்பே சேமலாப நிதிப் பணத்தை எடுக்கலாம். அதற்கும் இதே பையும் இதே கொப்பியும் உதவும்.

விசாரணைக் கடிதம் கைக்கு வந்தால் மடித்து வைக்காமல் அன்றைக்கே எங்களிடம் கொண்டு வாருங்கள். கொப்பியைக் கடிதம் வரும் வரைக்கும் தள்ளிப் போடாமல் இன்று இரவே தொடங்குங்கள்.